எரித்த ஏடும் எஞ்சிய ஏடும்

வல்லார்பாடம் மாதா கோயிலுக்குப் போகும்போதெல்லாம் தெற்கே உதயம்பேரூர் ஞாபகம் வரும். 1599 ஜூனில் கோவா பேராயர் மெனசிஸ் அங்கே கூட்டிய சங்கத்தின் தீர்மானங்களை நிதானமாக வாசித்திருக்கிறேன். நஸ்ராணிகளின் சுரியானி நூல்களில் நெஸ்தோரியரின் பொய்ப்போதனை இருக்கிறதாம். எரிக்கவேண்டிய நூல்களுக்குப் பட்டியலே உண்டு.

நெஸ்தோரியஸ் யார்? மரியாளைத் தேவனைப் பெற்றவள் என்பதைவிடக் கிறிஸ்துவைப் பெற்றவள் என்பதே சரி என்று வாதிட்டு, 431இல் எபேசு சங்கத்தில் விலக்கப்பட்டவர். அவர் தம் தரப்பை எழுதிய நூல் சுரியானி மொழிபெயர்ப்பில் தப்பிக் கிடந்து, 1910இல்தான் அச்சேறியது. சுமத்திய கொள்கை அவருடையதே அல்ல என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. எதிராளி ஏட்டை எரித்துவிட்டு அவன் சொன்னது தப்பு என்றால், சரிபார்ப்பது எப்படி அன்பர்களே?

சமணர் நாங்களும் சண்டைக்காரர்கள்தான். குண்டலகேசியை மறுக்கவே நீலகேசி பிறந்தது. அதில் ஏச்சும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறைந்துபோன குண்டலகேசியின் செய்யுள்கள் சில, நீலகேசி உரையில்தான் நமக்கு மிஞ்சின.

உதயம்பேரூரின் கசப்பு ஆறவில்லை. 1653 ஜனவரி 3இல் நஸ்ராணிகள் மட்டாஞ்சேரியில் கூடி, சிலுவையில் கட்டிய கயிற்றைப் பிடித்து, இயேசு சபையாருக்குக் கீழ்ப்படியோம் என்று சத்தியம் செய்தார்கள். கூனன் குரிசு எங்க கடையிலிருந்து நடக்கிற தூரந்தான்.