குறைந்த முதலீட்டுப் படங்களும் ரசிகரின் தீர்ப்பும்: 'பொன்மணி'யை முன்வைத்துச் சில குறிப்புகள்

திரைப்படத்தைத் தொழிலாகக் கொள்ளாது, அதன்மீதுள்ள ஈடுபாட்டினால் மட்டும் கருத்துரைக்கும் ரசிகரின் குரலை எமது ஆய்வுலகம் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. ஆயின், குறைந்த முதலீட்டில், வழமைக்குப் புறம்பாக உருவாகும் படங்களுக்கு விளம்பர பலம் கிடையாது. அவற்றை வாழவைப்பதும் மறக்கடிப்பதும் இந்த ரசிகரின் தீர்ப்பே. எனவே அத்தீர்ப்பு எவ்வடிப்படையில் எழுகின்றது என நோக்குதல் அவசியமாகின்றது.

ஈழத்தில் இத்தீர்ப்பு இரு நிலைகளுக்கிடையே ஊசலாடி வந்துள்ளது. சென்னைப் படத்தை அளவுகோலாகக் கொண்டு, உள்ளூர்ப் படத்தின் ஒளியும் ஒலியும் வேகமும் போதா எனத் தள்ளுவது ஒன்று. 'எங்கள் படம்' என்ற பரிவினால் குறைகள் யாவற்றையும் மன்னிப்பது மற்றொன்று. இவை முரணானவை போலத் தோன்றினும், இரண்டுமே படத்தைப் பார்க்க மறுப்பவை. முன்னையது படத்தில் இல்லாததையே தேடுகின்றது. பின்னையது படத்தின் பிறப்பிடத்தை மட்டுமே காண்கின்றது.

1972 இல் வெளிவந்த 'குத்துவிளக்கு' கட்டடக் கலைஞரான வீ. எஸ். துரைராஜாவின் தயாரிப்பு. தொழில்முறைத் தயாரிப்பாளர் அல்லாத ஒருவரின் ஈடுபாடே யாழ்ப்பாண மண்ணைத் திரைக்குக் கொணர்ந்தது. ஆயினும் ஈடுபாடு படமெடுக்கத் துணைசெய்யுமேயன்றி, படத்தின் தரத்துக்குச் சான்றாகாது. சிக்கனம் ஒரு நற்பண்பு அன்று. அது ஒரு நிபந்தனை. அந்நிபந்தனையிலிருந்து எத்தகைய கலைவடிவம் பிறந்தது என்பதே விமர்சனத்தின் வினாவாதல் வேண்டும்.

இவ்வினாவிற்கு 1977 இல் வெளிவந்த 'பொன்மணி' தக்க விடையளிக்கின்றது. காவலூர் இராசதுரையின் கதையை நெறிப்படுத்திய தர்மசேன பத்திராஜ, யாழ்ப்பாண வளாகத்தில் கற்பித்த சிங்களக் கலைஞர். பெரும் நட்சத்திரங்கள் இல்லை. ஆடம்பர அரங்கமைப்பு இல்லை. அவ்வின்மையே படத்தின் மொழியாயிற்று. சீதனமும் சாதியும் ஒரு குடும்பத்தை நெரிப்பதை நீண்ட வசனங்களால் அன்றி, மௌனத்தாலும் வீட்டின் அசைவற்ற பொழுதுகளாலும் அது உணர்த்துகின்றது. வசனத்தை நம்பி வளர்ந்த தமிழ்த் திரைமரபில் இது துணிச்சலான விலகல். ஜோன் ஆபிரகாமின் 'அக்கிரஹாரத்தில் கழுதை'யும் தமிழகத்தில் அதே ஆண்டில் உருவானமை மனங்கொள்ளத்தக்கது.

'பொன்மணி' வசூலில் தோற்றது. இத்தோல்விக்கு மக்களின் ரசனைக் குறைவே காரணம் எனக் கூறிவிடுதல் முற்போக்காளர் சிலருக்கு எளிதாயிருந்தது. அது ஏற்புடையதன்று. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ'வும் (1956) வசூலில் வெற்றி பெறவில்லை. ஆயின் அவருடைய 'கம்பெரலிய' 1965 இல் டில்லித் திரைப்பட விழாவில் தங்கமயில் விருதை வென்றது. சிங்களத் திரையுலகில் ஒரு தோல்வி தொடக்கமாயிற்று. எம்மிடையே அது முற்றுப்புள்ளியாயிற்று. சென்னைப் படங்கள் நிறைந்த சந்தையும், 1983 இன் வன்செயலும், தொடர்ந்த போரும் இதற்குப் புறக் காரணங்கள். மீளப் பார்த்து விவாதிக்கும் மரபை நாம் போதியளவு வளர்க்காமை அகக் காரணம். வேறுபட்டதொரு கலைவடிவத்தைக் காணும் கண் பிறப்பால் வாய்ப்பதன்று, பழக்கத்தால் வாய்ப்பது.

இன்று கைத்தொலைபேசியாலும் படமெடுக்க இயலும். 2015 முதல் யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழாவும் தோற்றம் பெற்றது. கருவியின் விலை குறைந்துள்ளதேயன்றி, விமர்சனத்தின் பொறுப்புக் குறையவில்லை. போரின் வடுக்களைச் சொல்லும் படம் என்பதனாலேயே ஒன்றைப் போற்றுவோமாயின், பழைய பரிவையே புதிய பெயரில் தொடர்வோராவோம். துயரத்தின் உண்மை வேறு. அதனைக் காட்டும் கலையின் உண்மை வேறு.

ஆகவே ரசிகரிடம் நாம் வேண்டுவது பாராட்டையோ கண்டனத்தையோ அன்று. தாம் கண்டதைக் காரணங்காட்டி எழுதுவதையே வேண்டுகின்றோம். அத்தகைய எழுத்துப் பெருகும்போதுதான், அடுத்த 'பொன்மணி' தனக்குரிய பார்வையாளரைக் காத்திருக்கக் காணும்.