நரம்பு வழியே ஓர் ஆறு

மினசோட்டாவில் ரெட் விங் என்ற ஊரை ஒட்டி ஓடும் மிசிசிப்பி ஆற்றில், ஒரு ஜூன் மாத மாலை, தண்ணீரின் மேல் ஒரு கோட்டைப் பார்த்தேன். கரையோரம் தொடங்கி நடு ஆற்றை நோக்கி நீண்டு, சட்டென்று நின்றுபோகும் கோடு. அதற்கு மேற்புறம் தண்ணீர் எண்ணெய் தடவியதுபோல் வழுவழுவென்று வந்துகொண்டிருந்தது. கோட்டைத் தொட்டதும் உலைநீர்போல் குமிழ்ந்து புரண்டது. காற்றில்லை. படகு எதுவும் அந்தப் பக்கம் போகவில்லை.

என்னை அழைத்துவந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். அறுபது வருடமாக இந்த ஆற்றில் தூண்டில் போடுகிறவர். எஞ்சினை அணைத்துவிட்டு, "அடியில் ஒரு சுவர் இருக்கிறது. மீனை அப்புறம் தேடலாம். சுவர் எங்கே என்று முதலில் சொல்லுங்கள்" என்றார். நான் குமிழும் கோட்டைக் காட்டினேன். இல்லையென்று தலையசைத்து, அதற்கு ஒரு படகு நீளம் மேலே, ஓட்டம் வரும் பக்கத்தில், சலனமே இல்லாத இடத்தைக் காட்டினார்.

ஆற்றுநீர் கல்லில் மோதி மேலெழுகிறது. ஆனால் எழுந்துவரும் நேரத்திற்குள் ஓட்டம் அதை ஆற்றின் போக்கில் கீழே தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அதனால் குமிழி தெரியும் இடம் வேறு, கல் கிடக்கும் இடம் வேறு. சுவரின் தலைக்கு மேல் தண்ணீர் எவ்வளவு ஆழமோ, அந்த அளவு குமிழி கீழே தள்ளித் தெரியும். இந்த ஒரு பாடத்தின் அழகில் நான் அன்று சிக்கினேன். இன்னும் விடுபடவில்லை.

அந்தச் சுவர்களை அங்கே 'விங் டேம்' என்கிறார்கள். சிறகணை என்று சொல்லிக்கொள்ளலாம். நம் ஊரில் ஆற்றுநீரை வாய்க்காலுக்குத் திருப்பக் கல்லும் மண்ணும் தழையும் போட்டுக் கட்டும் கொறம்புக்கு இது தூரத்து உறவு. கொறம்பு ஆற்றை வெளியே அழைக்கிறது. சிறகணை ஆற்றை ஆற்றுக்குள்ளேயே நெருக்குகிறது. நீராவிக் கப்பல்கள் மணல்திட்டில் தட்டி நின்ற காலத்தில், 1878-இல், நாலரை அடி ஆழத்துக்குக் கப்பல் தடம் அமைக்க அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி தந்தது. ராணுவப் பொறியாளர் படையினர் வில்லோ மரக் கிளைகளைக் கட்டுக் கட்டாகக் கட்டிப் பாய்போல் பின்னி, ஆற்றில் இறக்கி, மேலே கல்லைக் கொட்டி அமிழ்த்தினார்கள். அதன்மேல் இன்னொரு பாய், இன்னொரு அடுக்குக் கல். இரு கரைகளிலிருந்தும் இப்படி நீட்டிய சுவர்கள் தண்ணீரை நடுவே ஒதுக்கின. ஒதுங்கிய தண்ணீர் வேகம் பிடித்துத் தன் மணலைத் தானே அரித்துத் தடம் வெட்டிக்கொண்டது. செயின்ட் பாலுக்கும் செயின்ட் லூயிஸுக்கும் இடையே இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுவர்கள். பிறகு 1930-இல் ஒன்பது அடித் தடத்துக்கு உத்தரவு வந்தது. வரிசையாக அணைகளும், கப்பல்களை ஏற்றி இறக்கும் லாக்குகளும் எழுந்தன. ரெட் விங்குக்கு மேலே உள்ள 3-ஆம் எண் அணை 1938-இல் முடிந்தது. நீர்மட்டம் உயர, பழைய சுவர்கள் தண்ணீருக்குள் போயின. கப்பலுக்காகப் போட்ட கல்லில் பூச்சிப் புழுக்கள் குடியேறின. அவற்றைத் தின்ன நண்டு போன்ற கிரேஃபிஷ்களும் பொடிமீன்களும் வந்தன. அவற்றைத் தேடி வாலாய் வந்தது.

வாலாய் மீன் பெர்ச் குடும்பத்தைச் சேர்ந்தது. பித்தளையும் பாசியும் கலந்த நிறம், முள் நிமிர்ந்த முதுகுத் துடுப்பு, வால் துடுப்பின் கீழ்நுனியில் வெள்ளைப் பொட்டு. அதே ஆற்றில் வாழும் அதன் பங்காளியான சாகருக்கு அந்தப் பொட்டு தெளிவாக இருக்காது, முதுகுத் துடுப்பில் கரும்புள்ளி வரிசை இருக்கும். 1965 முதல் வாலாய் மினசோட்டாவின் மாநில மீன். ஒஜிப்வே மக்கள் அதை 'ஒகா' என்கிறார்கள். அதன் அழகெல்லாம் கண்ணில்தான். விழித்திரைக்குப் பின்னால் பூனைக்கு இருப்பதுபோல ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம். கலங்கல் தண்ணீரும் அந்தி இருட்டும் பொடிமீனின் கண்ணைக் கட்டும்போது வாலாய்க்குப் பார்வை இருக்கும். அதனால்தான் பொழுது சாயும் நேரத்தில் அது கல்லின் மேல் ஏறிவருகிறது.

சரி, சுவரின் எந்தப் பக்கம்? புதிதாக வருகிற எவரும் சுவருக்குப் பின்னால், ஓட்டம் தணிந்த பக்கத்தில்தான் தூண்டிலைப் போடுவார்கள். நானும் போட்டேன். நியாயமாகத் தோன்றும் இடம் அது. ஆனால் கோடைகாலத்தில் வாலாய் பெரும்பாலும் சுவருக்கு முன்னால், ஓட்டம் வந்து மோதும் முகத்தில் நிற்கிறது. தேர்த்திருவிழாக் கூட்டத்தில் மண்டபத் தூணுக்கு முன்னால் முதுகை ஒட்டி நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். கூட்டம் தூணைக் கண்டு முன்னாலேயே இரண்டாகப் பிரிந்துவிடும். தூணை ஒட்டி ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு நெருக்கடி இல்லாத இடம் இருக்கும். கல்லின் அடிப்பகுதியிலும் அப்படித்தான் மெத்தைபோல் ஒரு மந்தநீர் தங்குகிறது. மீன் அங்கே துடுப்பை அசைக்காமல் நின்றுகொண்டிருக்க, ஆறு இரையை வாய்க்கு நேரே கொண்டுவந்து தருகிறது. பின்பக்கத்தில் இளைப்பாறலாம், ஆனால் சாப்பாடு பிந்தித்தான் வரும்.

இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. சுவரின் நுனியைச் சுற்றிப் பாயும் நீர் அடிமண்ணைத் தோண்டி ஒரு மடுவை உண்டாக்கியிருக்கும். பெரிய மீன்கள் அதன் விளிம்பை விரும்பும். மற்றது, பனிக்கட்டியோ வெள்ளமோ கற்களைப் பெயர்த்த பொத்தல். நீண்ட சுவரில் ஓர் இடத்தில் மட்டும் நீர் குவிந்து பாயும். அந்த வாசலின் இரு தூண்களும் மீனுக்கு மிகப் பிடித்தவை. முன்முகம் முழுக்க மணல் மூடிப்போன சுவர்களும் நிறைய உண்டு. மேலே கோடு அழகாகத் தெரியும், அடியில் மீன் நிற்க இடமே இருக்காது. அழகான கோட்டைக் கண்டு மயங்கி ஒரு முழு மாலையை அப்படி ஒரு செத்த சுவரில் செலவழித்திருக்கிறேன்.

உயிருள்ள சுவரா, செத்த சுவரா என்பதை ஈயம்தான் சொல்லும். நான் பயன்படுத்துவது ஜிக்: ஈயக் குண்டுத் தலையோடு வார்த்த ஒற்றை முள். கால் அவுன்ஸ், அதாவது ஏழு கிராம். ஓட்டம் கடுமையானால் பத்து கிராம். அடியைத் தொடக்கூடிய எடைகளில் மிக இலேசானதே சிறந்தது. கனத்த குண்டு விழுந்த இடத்திலேயே கிடந்துவிடும், ஒன்றும் பேசாது. தூண்டில் நரம்பு பின்னல் நரம்பாக, மெல்லியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஓட்டம் அதை வில்லாக வளைக்காது, செய்தியும் மழுங்காமல் வரும்.

செய்தி என்று நான் சொல்வது விரல்நுனிக்கு வருவதை. ஆட்காட்டி விரலை நரம்பின் மேல் வைத்துக்கொண்டு, ஜிக்கை ஒரு சாண் தூக்கி இறக்குகிறேன். மணலென்றால் மெத்தென்று ஓர் அமுக்கம், ஒலியே இல்லாத ஒரு முடிவு. கூழாங்கல் என்றால் நரநரவென்று சிறு உரசல். சுவர்க்கல் என்றால் 'டக்' என்று கதவைத் தட்டினதுபோல் தெளிவு, பிறகு சரிந்து இன்னொரு 'டக்'. மூழ்கிய மரக்கிளை ரப்பர்போல் இழுத்து விடும். சேறு முள்ளைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல விட்டுக்கொடுக்கும். முதல் கோடையில் எனக்கு எல்லாம் ஒரே கல்லாகத்தான் தெரிந்தது. இரண்டாம் கோடையில் மணல் தனியாகப் பிரிந்தது. கேள்விஞானத்தில் முதலில் இரண்டு ராகம், பிறகு நான்கு ராகம் பிரிந்து கேட்குமே, அதே மகிழ்ச்சி.

இந்த ஆற்றில் இந்த வேலை பழையது. நீராவிக் கப்பலின் முனையில் நின்று ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, ஆழத்தை உரக்கச் சொல்லும் ஆட்கள் இருந்தார்கள். இரண்டு பாகம், பன்னிரண்டு அடி, கப்பலுக்குப் போதும் என்பதற்கான அவர்களுடைய குரல்தான் 'மார்க் ட்வைன்'. 1859-இல் மாலுமி உரிமம் பெற்ற சாமுவேல் கிளெமென்ஸ் பிற்பாடு அதையே புனைபெயராக்கிக்கொண்டார். அந்தக் கப்பல்களிலும் கண்ணால் நீரின் தோலைப் படிப்பது ஒன்று, ஈயத்தால் அடியைத் தொட்டுச் சரிபார்ப்பது ஒன்று என்று இரண்டு வேலைகள். என் படகில் சோனார் திரை உண்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சுவரை முதல்முறை அறியும்போது அதை அணைத்து வைக்கிறேன். திரையைப் பார்க்கிற கண் தண்ணீரைப் பார்ப்பதில்லை.

தொடங்குகிறவர்களுக்குச் சில நடைமுறைச் சொற்கள். பொறியாளர் படை வெளியிடும் ஆற்று வரைபடத்தில் சிறகணைகள் கோடுகளாகக் குறிக்கப்பட்டிருக்கும். அதில் ஒரே ஒரு சுவரைத் தேர்ந்துகொண்டு ஒரு கோடை முழுதும் அதையே பழகுங்கள். சுவருக்கு மேற்புறம் தள்ளி, படகின் முன்முனையிலிருந்து நங்கூரம் இட்டு, கயிற்றை விட்டுவிட்டுக் கல்லுக்கு அருகே இறங்குங்கள். ஓடும் ஆற்றில் பின்முனையில் நங்கூரம் கட்டினால் நீர் உள்ளே ஏறிப் படகு மூழ்கும். கல்லில் மோதி நொறுங்கிய எஞ்சின் விசிறிகள் ரெட் விங்கில் ஏராளம், ஆகவே சுவருக்குக் குறுக்கே ஓட்டவும் வேண்டாம். இரைக்கு மண்புழு போதும், அட்டையும் நன்று. உள்ளூர்க்காரர்கள் உயிராய் மதிப்பது 'வில்லோ கேட்' என்ற விரல்நீளக் கெளுத்தியினத்தை. அதன் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு, குத்தினால் கடுக்கும்.

வாலாய் கடிப்பதை விவரிக்கக் கூச்சமாக இருக்கிறது, அவ்வளவு சிறிய விஷயம். இறங்கிக்கொண்டிருந்த ஜிக் ஒரு நொடி முன்னதாக நின்றுவிடும். அவ்வளவுதான். கல் இன்னும் அரை அடி கீழே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்திருந்தால்தான், இந்த நிற்றல் கல் இல்லை என்பதும் தெரியும். அந்த ஜூன் மாலை, வெளிச்சம் செம்பாகிக்கொண்டிருந்தபோது, சுவரின் நடுவில் ஓரிடத்தில் என் ஜிக்குக்குக் கல்லே தட்டவில்லை. இரண்டு பக்கமும் 'டக்', நடுவில் மட்டும் வெற்று ஆழம். மூன்றாம் முறை அங்கே விட்டபோது அது நின்றது. தூக்கினேன். மீன் தலையை உதறி உதறி ஆழத்துக்கே இழுத்தது. பெரியவர் வலையில் ஏந்தினார். இருபது அங்குலம் இருக்கும். அந்திக்கு எதிரே பிடித்தபோது கண் இரண்டும் முத்துபோல் ஒளிர்ந்தன. திரும்ப விட்டோம்.

அக்டோபரில் ஆறு வெகுவாக வற்றியது. நான் தனியாகத் துடுப்புப் படகில் போனேன். குமிழும் கோடு இல்லை. ஓரடித் தண்ணீருக்குக் கீழே, பாசி படிந்த கற்களின் முதுகு வரிசையாகத் தெரிந்தது. கரையிலிருந்து எண்ணிக்கொண்டே நடுவை நோக்கி நகர்ந்தேன். ஒரு படகு அகலத்துக்குக் கற்கள் இல்லை. இடப்பக்கத்துக் கல் சற்றே சாய்ந்திருந்தது, ஜிக் இரண்டுமுறை தட்டி இறங்குகிற கல்.