புதைந்த பொருளும் குறைந்த படையும்: ஆயிப் போர்க் கதையாடல் குறித்த ஒரு மறுவாசிப்பு

விவிலியத்தின் ஆறாம் நூலாகிய யோசுவா, கானான் நாட்டை இஸ்ரவேலர் கைக்கொண்ட வரலாற்றை வெற்றிகளின் தொடராகவே கூறிச் செல்கிறது. அத்தொடரில் இஸ்ரவேலர் படை புறமுதுகிட்டதாகச் சொல்லப்படும் களம் ஒன்றே ஒன்று. எரிகோவின் மதில் வீழ்ந்ததை அடுத்து ஆயி என்னும் சிற்றூரின்மேல் சென்ற மூவாயிரவர் தோற்று ஓடினர். அவர்களுள் முப்பத்தாறு பேர் மாண்டனர். நூலின் ஏழாம், எட்டாம் அதிகாரங்கள் இத்தோல்வியையும் அதன் பின்விளைவையும் கூறுகின்றன.

கிறித்தவச் சமய உரைகளில் இப்பகுதி பெரிதும் எடுத்தாளப்படுவது. ஒருசாரார் இதனை மறைந்த பாவத்தின் கேட்டிற்குச் சான்றாக்குவர். எரிகோவின் கொள்ளைப்பொருளில் ஒருபகுதியை ஆகான் திருடித் தன் கூடாரத்தில் புதைத்தான்; அதனால் இறைவனின் துணை நீங்கியது என்பது அவர்தம் விளக்கம். பிறிதொரு சாரார், பெருவெற்றியின் மயக்கத்தில் சிறுபடை போதும் என்று எண்ணிய தருக்கே தோல்விக்குக் காரணம் என்பர். இரண்டையும் அடுக்கி இரு காரணங்கள் எனக் கூறி அமைவோரும் உளர். இவ்விரண்டும் தனித்தனிக் காரணங்களாகக் கதையாடலுள் நிற்கின்றனவா, அன்றி ஒன்றன் இரு முகங்களா என்பதே ஈண்டு எழும் வினா. வீரமாமுனிவரின் தேம்பாவணியில் சோசுவன் வெற்றிப் படலம் எனத் தனிப்படலம் உண்டாயினும், இக்கட்டுரை உரைநடை விவிலியத்தோடு நிற்கிறது. ஹென்றி பவர் தலைமையில் 1871இல் நிறைவுற்ற திருத்தத்தின் வழிவந்து சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பே பெரிதும் நோக்கப்படுகிறது. அதன் பெயர் வடிவங்களே கொள்ளப்படுகின்றன.

கதை தொடங்கும் முறை முதற்கண் கருதத்தக்கது. ஆகானின் களவை ஆசிரியர் ஏழாம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே வெளிப்படக் கூறிவிடுகிறார். அடுத்த வசனத்தில் யோசுவா ஒற்றரை அனுப்புகிறான். படிப்போர் அறிந்ததைத் தலைவன் அறியான். எனவே, ஒற்றர் மீண்டு வந்து எல்லா மக்களும் செல்லத் தேவையில்லை, இரண்டாயிரம் மூவாயிரம் பேர் போதும், அவ்வூரார் சிலரே என்று கூறும்போது, அக்கூற்றைப் படைக்கணக்காக மட்டும் படிப்போர் கொள்ள இயலாது. களவு பின்னர் வெளிப்படும் செய்தியாக வைக்கப்பட்டிருப்பின் இக்கதை துப்பறியும் கதையின் சுவை பெற்றிருக்கும். ஆசிரியர் அச்சுவையைத் துறந்து முரண்சுவையைத் தேர்ந்துள்ளார். ஒற்றரின் துணிவு தன்னளவில் தவறாகத் தோன்றுவதன்று. எரிகோவைக் கண்டவர் ஆயியை எளிதெனக் கருதியதில் வியப்பில்லை. தம் பாளயத்தின் மண்ணுக்கடியில் கிடப்பதை அறியாத துணிவு என்பதனாலேயே அது மிகைநம்பிக்கையாகிறது.

இவ்விடத்துத் திருக்குறளின் இரு அதிகாரங்கள் ஒப்புநோக்கத் துணைசெய்யும். வலியறிதல், செயலின் வலி, தன்வலி, மாற்றான் வலி, துணைவலி என நான்கினையும் சீர்தூக்கச் சொல்கிறது. ஆயிக்குச் சென்ற ஒற்றர் செயலின் வலியையும் மாற்றான் வலியையும் எடைபோட்டனர். தன்வலியும் துணைவலியும் எரிகோவில் கண்டபடியே இருக்கும் எனக் கொண்டனர். ஒற்றாடல் இன்னும் நுட்பமான ஒன்றைக் கூறும். பகைவரை மட்டுமன்றித் தம் வினை செய்வாரையும் தம் சுற்றத்தாரையும் ஆராய்வதே ஒற்றின் தொழில் என்பது வள்ளுவர் கருத்து. யோசுவாவின் ஒற்றர் ஆயியின் வாயில்வரை சென்றனர். யூதா கோத்திரத்தின் கூடாரவரிசைக்குள் எவரும் செல்லவில்லை. அரசியல் அறம் பேசும் நூலும் சமய வரலாறு பேசும் நூலும் வெவ்வேறு அடிப்படையின எனினும், அகத்தை ஆராயாத புறவாராய்ச்சி குறையுடையது என்னுமிடத்து இரண்டும் நெருங்கி வருகின்றன.

யோசுவா இறைவனிடம் கேளாமல் படையனுப்பியதே பிழை என்னும் விளக்கமும் மேடைகளில் பரவலாக வழங்குகிறது. இது மூலத்தில் இல்லாததை நிரப்பிக்கொள்ளும் வாசிப்பு. ஒன்பதாம் அதிகாரத்தில் கிபியோனியர் ஏமாற்றியபோது, இறைவனிடம் கேளாமையை ஆசிரியர் வெளிப்படையாகவே சுட்டுகிறார். சொல்ல வேண்டிய இடத்தில் அதைச் சொல்லத் தெரிந்தவர் ஏழாம் அதிகாரத்தில் அதைச் சொல்லவில்லை. இறைவனின் கூற்றிலும் மிகைநம்பிக்கை பற்றி ஒரு சொல்லும் இல்லை. களவு மட்டுமே குற்றமாகச் சாட்டப்படுகிறது. அவ்வாறாயின் ஒற்றரின் தருக்கு கதையில் எங்ஙனம் தீர்க்கப்படுகிறது? எட்டாம் அதிகாரத்தின் முதல் வசனம் போர்வீரர் அனைவரையும் கூட்டிச் செல்லுமாறு பணிக்கிறது. எல்லாரும் வேண்டா என்ற ஒற்றர் கூற்றுக்கு எல்லாரையும் என்ற ஆணையே மறுமொழி. கடிந்து பேசாமல் எண்ணிக்கையை மாற்றியே திருத்தும் இம்முறை, பழிச்சொற்கள் மிகுந்த நம் காலத்துச் சமயப் பேச்சினும் அடக்கமானது. சிலரே என்று கூறப்பட்ட ஊரில் இறுதியில் மாண்டோர் பன்னீராயிரவர் (8:25) என்பதும் ஆசிரியர் விளக்கமின்றி விட்டுவைத்த குறிப்பே.

மறைத்தல் என்னும் வினையை ஆசிரியர் கையாளும் திறம் இதனினும் ஆழமானது. இரண்டாம் அதிகாரத்தில் ராகாப் ஒற்றரைத் தன் வீட்டின் மேல்தளத்தில் சணல்தட்டைகளுக்குள் மறைத்தாள். ஏழாம் அதிகாரத்தில் ஆகான் பொருளைக் கூடாரத்தின் தரைக்கடியில் மறைத்தான். எபிரேய மூலத்தில் ஈரிடத்தும் ஒரே வினையடி (தாமன்) வருகிறது. பிறநாட்டாளும் பரத்தையுமான ஒருத்தி மறைத்தது அவள் குடும்பத்தைக் காத்தது. நான்கு தலைமுறைப் பெயர்வழியோடு அறிமுகம் செய்யப்படும் யூதா குலத்தான் மறைத்தது அவன் குடும்பத்தை அழித்தது. மேலே மறைந்தது வாழ்வாயிற்று. கீழே மறைந்தது சாவாயிற்று. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு முன்னதை மறைத்தல் என்றும் பின்னதைப் புதைதல் என்றும் வேறுபடுத்தியதால் இவ்விணைப்பு தமிழ் வாசகர்க்குப் புலனாவதில்லை. பொருளை நோக்க இரு சொல்லும் பொருத்தமானவையே. இழக்கப்பட்டது பொருளன்று, எதிரொலி.

மற்றொரு சொல்லும் இத்தகையது. ஆகான் எடுத்தவை ஒரு பாபிலோனியச் சால்வை, இருநூறு சேக்கல் வெள்ளி, ஐம்பது சேக்கல் நிறையுள்ள பொன் ஆகியன. அப்பொன்னை மூலம் பொன்னாலாகிய நாக்கு என்கிறது. மூன்றாம் நூற்றாண்டினரான ஒரிகன் இந்நாக்கைப் பற்றிக்கொண்டு, அழகிய நாவன்மையால் மயக்கும் பொய்க்கொள்கைகளையே ஆகான் திருச்சபைக்குள் கொணர்ந்தான் என உருவகப் பொருள் கண்டார். தமிழில் அது பொன்பாளம் ஆயிற்று. பாளம் என்றபின் அவ்வுருவகத்திற்கு இடமில்லை. இதனை இழப்பெனக் கொள்வதா என்பது ஐயத்திற்குரியது.

மொழிபெயர்ப்பு எங்கும் இழப்பதில்லை என்பதற்கும் இவ்வதிகாரத்திலேயே சான்றுண்டு. மூலத்தின் முதல் வசனம் ஆகானில் தொடங்கி, கர்மீ, சப்தி, சேரா என மேலேறி யூதாவில் முடிகிறது. பின்னர்க் குற்றவாளியைக் கண்டறியும் பொழுதோ யூதா கோத்திரம், சேராவின் வம்சம், சப்தியின் குடும்பம் என வட்டம் குறுகிக் குறுகி ஆகானில் நிற்கிறது. தமிழின் தொடரமைப்பில் மூதாதையர் முன்னும் மகன் பின்னும் வருதல் இயல்பாதலின், தமிழில் முதல் வசனமே யூதாவில் தொடங்கி ஆகானில் வந்து முடிகிறது. பின்னர் நிகழவிருக்கும் விசாரணையின் படிமுறையைத் தமிழ்த் தொடர் முன்கூட்டியே நிகழ்த்திவிடுகிறது. மொழிபெயர்த்தோர் கருதிச் செய்ததன்று இது, மொழியே செய்தது.

அவ்விசாரணையில் மிகுதியாகப் பேசுவது ஆகானின் மௌனமே. மறுநாளுக்கு ஆயத்தமாகுங்கள் என்று அறிவித்தமையால் அவனுக்கு ஓர் இரவு முழுதும் கிடைத்தது. காலையில் கோத்திரம் குறிக்கப்பட்டபோதும், வம்சம் குறிக்கப்பட்டபோதும், குடும்பம் குறிக்கப்பட்டபோதும் அவன் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டில் ஒன்று என்னும் நிலையில் அவன் கொண்டிருந்திருக்கக்கூடிய நம்பிக்கைக்கும், ஆயியார் சிலரே என்ற ஒற்றரின் நம்பிக்கைக்கும் தன்மையில் வேறுபாடில்லை. இரண்டும் எண்ணிக்கையை நம்பியவை. அவன் இறுதியில் அளிக்கும் வாக்குமூலத்தில் கண்டது, விரும்பியது, எடுத்தது என்னும் மூன்று வினைகள் அடுத்தடுத்து வருகின்றன. ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் ஏவாள் கனியைக் கண்டு, விரும்பத்தக்கதெனக் கொண்டு, பறித்ததைக் கூறும் வசனத்திலும் இதே மூன்று எபிரேய வினையடிகளே அமைகின்றன; அங்கும் அடுத்து நிகழ்வது ஒளிதலே. இறைவனின் குற்றச்சாட்டிலும் (7:11) உடன்படிக்கையை மீறினர், எடுத்தனர், திருடினர், வஞ்சித்தனர், தம் பொருள்களுக்குள் வைத்தனர் என வினைகள் அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றின் முன்னும் உம்மைப் பொருள் தரும் சொல் ஐந்து முறை திரும்ப வருகிறது. எடுத்ததோடு குற்றம் முடியவில்லை; மறைத்ததும் வைத்திருந்ததும் தனித்தனியே எண்ணப்படுகின்றன.

தோல்வியின் விளைவைக் கூறும் தொடரும் நோக்கற்குரியது. மக்களின் நெஞ்சு கரைந்து நீரானதாக ஆசிரியர் கூறுகிறார் (7:5). நெஞ்சு கரைதல் என்பது இந்நூலில் அதுவரை கானானியர்க்கே உரிய வழக்கு. ராகாப் தன் நாட்டாரைப் பற்றி அவ்வாறு சொன்னாள். ஐந்தாம் அதிகாரத் தொடக்கமும் அந்நாட்டு அரசரைப் பற்றி அவ்வாறே கூறியது. அத்தொடர் இப்போது இஸ்ரவேலர்மேல் திரும்பியுள்ளது. அழிவுக்கென ஒதுக்கப்பட்டதைத் தம்மிடம் வைத்துக்கொண்டோர் தாமே அழிவுக்குரியோர் வரிசையில் சேர்ந்தனர் என்னும் இறைக்கூற்று (7:12) பின்னர் வருவதற்கு முன்பே, ஒரு மரபுத்தொடரின் இடமாற்றம் அதனைச் சொல்லிவிடுகிறது. கிறித்தவ மரபு ஆன்மிகத் தோல்வி எனக் கூறுவதன் உட்பொருள் இதுவே எனலாம்: களத்தில் வீழ்தலன்று, பகைவரின் அச்சம் தம்முள் குடியேறுதல்.

எட்டாம் அதிகாரத்தைப் பெரும்பாலான விளக்கங்கள் பாவம் நீங்கியதும் வெற்றி வந்தது என்று ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. கதையாடலின் திறவுகோல் அங்கேதான் உள்ளது. யோசுவா ஊருக்குப் பின்புறம் பதிவிருப்போரை மறைத்துவைத்து, முன்போலத் தோற்று ஓடுவதாக நடிக்கிறான். முன்போலவே ஓடுகிறார்கள் என்று ஆயியார் எண்ணுவர் என்பதே அவன் சூழ்ச்சியின் அடிப்படை (8:6). அவ்வாறே ஆயியின் அரசன் விரைந்து வெளியேறுகிறான். ஊருக்குப் பின்னே தனக்கெனப் பதிவிருப்பது அவனுக்குத் தெரியாது என ஆசிரியர் தாமே குறிப்பிடுகிறார் (8:14). காவலுக்கு ஒருவரும் இன்றி, வாயில் திறந்து கிடக்க, ஊர் வீழ்கிறது. ஏழாம் அதிகாரத்தில் இஸ்ரவேலரை வீழ்த்திய அமைப்பு எட்டாம் அதிகாரத்தில் ஆயியை வீழ்த்துகிறது: முதல் வெற்றி தந்த துணிவு ஒருபுறம், முதுகுக்குப் பின்னே மறைந்திருப்பதை அறியாமை மறுபுறம். எரிகோ இஸ்ரவேலர்க்குச் செய்ததையே அம்முப்பத்தாறு பேரின் சாவு ஆயியார்க்குச் செய்தது. எனவே மறைவும் தருக்கும் ஒன்றோடொன்று கூட்டப்பட்ட இரு காரணங்கள் அல்ல. மறைந்திருப்பதை அறியாதார் நெஞ்சில் வெற்றி தருக்காக உருக்கொள்கிறது. தருக்கு உள்ளவரை மறைந்ததைத் தேடும் எண்ணம் எழுவதில்லை.

ஆயியின் வரலாற்று மெய்ம்மை குறித்த விவாதத்தை இங்கு விரித்தல் வேண்டா. அவ்வூரெனப் பலராலும் கருதப்படும் எத்-தெல் மேட்டில் 1933 முதல் 1935 வரை ஜூடித் மார்க்கே-கிரவுசும் 1964 முதல் ஜோசப் கேலவேயும் நடத்திய அகழாய்வுகள், யோசுவாவின் காலமாகக் கொள்ளப்படும் காலத்தில் அங்கு ஊரில்லை எனக் காட்டின. ஆயி என்னும் பெயரே இடிபாடு என்னும் பொருளது. மேற்கூறிய அமைப்பு கதையாடலினுடையது. அகழாய்வு அதனைத் தொடவில்லை.

தொடுவது வேறொன்று. கொள்ளைப்பொருள் இரண்டாம் முறை ஆயியில் மக்களுக்கே விடப்படுகிறது (8:2). சில நாள் பொறுத்திருப்பின் ஆகானுக்கும் முறையாகவே பங்கு கிடைத்திருக்கும். இதனினும் நெருடுவது, அவனுடைய புதல்வரும் புதல்வியரும் ஆகோர் பள்ளத்தாக்கிற்குக் கொண்டுசெல்லப்பட்டமை. தந்தையின் குற்றத்திற்காகப் பிள்ளைகளைக் கொல்லலாகாது என உபாகமம் (24:16) விதிக்கிறது. கூடாரத்தின் நடுவே குழிதோண்டியதைப் பிள்ளைகள் அறியாதிருக்க முடியாது எனச் சில உரையாசிரியர் அமைதி கூறுவர். மூலம் அதைச் சொல்லவில்லை. அவர்களிடம் எவரும் கேட்டதாகவும் இல்லை.

இக்குறையை முதலில் உணர்ந்தவர்களுள் அப்போஸ்தலர் நடபடிகளின் ஆசிரியரும் ஒருவர் எனக் கருத இடமுண்டு. அந்நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் அனனியா நிலத்தின் விலையில் ஒருபகுதியை ஒளித்துவைக்கிறான். அங்கு ஆளப்பட்ட கிரேக்க வினை, யோசுவா 7:1இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் ஆகானின் செயலுக்கு வருவதே. தமிழில் ஓரிடத்துத் துரோகமும் மற்றோரிடத்து வஞ்சித்தலுமாக அது பிரிந்துவிட்டது. ஆகானின் கதையை மனத்திற்கொண்டே எழுதிய அவ்வாசிரியர் அதில் இல்லாத இரண்டைச் சேர்க்கிறார். அனனியாவின் மனைவி சப்பீராள் அதனை அறிந்திருந்தாள் என வெளிப்படக் கூறுகிறார். மூன்றுமணி நேரம் கழித்து அவள் உள்ளே வரும்போது, கணவனுக்கு நேர்ந்ததை அவள் அறியாள். நிலத்தை இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள் என்று பேதுரு அவளைத் தனியே கேட்கிறான். அவள் மறுமொழி சொல்லும்வரை கதை காத்திருக்கிறது.