மின்னூல் அடுக்கில் ஆசிரியர் பெயர்

மின்னூல் வாசிப்புக் கருவிகளில் நூல்களை ஒழுங்குபடுத்துவதைக் குறித்து ஆராயுங்கால், முதற்கண் ஒன்று கருதத்தக்கது. கிண்டில் கருவியில் நாம் கோப்புறைகளை வகுத்து நூல்களை இட்டாலும், கருவி அவ்வகுப்பைப் பொருட்படுத்துவதில்லை. கோப்பினுள் பொதிந்த தலைப்பு, ஆசிரியர் முதலிய குறிப்புகளைக் கொண்டே பட்டியலிடுகிறது. ஆகவே அக்குறிப்புகளைத் திருத்தும் மென்பொருளே மெய்யான நூலகர் எனலாம்.

கோவிட் கோயல் 2006ஆம் ஆண்டில் தொடங்கிய காலிபர் அவ்வகையில் மிகச் சிறந்தது. இலவசமாய்க் கிடைப்பதும், நூல்களை நமது கணினியிலேயே காப்பதும் அதன் சிறப்புகள். எனினும் ஆசிரியர் பெயர்களை அது வரிசைப்படுத்தும் முறையை நாம் ஏற்பதற்கில்லை. அதன் போக்கில் விட்டால், பெயரின் இறுதிச் சொல்லைக் குடும்பப்பெயரெனக் கொண்டு முன்னே நிறுத்துகிறது. மேனாட்டார்க்கு இது பொருந்தும். கார்ல் பார்த் 'பார்த், கார்ல்' ஆவதில் குறையில்லை. நம்மவர்க்கோ? எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 'பிள்ளை, எச். ஏ. கிருஷ்ண' எனச் சிதைகிறார். இரட்சணிய யாத்திரிகத்தை ஆசிரியர் பெயரால் தேடும் மாணவர் 'கி' வரிசையில் அதைக் காணார்; வேதநாயகம் பிள்ளையும் 'பி' வரிசையில்தான் நிற்பார். சாதிப் பட்டமே அடுக்கின் தலைப்பாகிவிடுவது இழுக்கன்றோ!

பெயரை உள்ளவாறே கொள்ளும்படி அமைப்பை மாற்றவும் இடமுண்டு. ஆனால் அப்பொழுது தலைப்பெழுத்து முந்திக்கொள்ள, கவிஞர் 'எ' வரிசைக்குச் செல்வார். எனவே ஆசிரியர்களை நிர்வகிக்கும் பகுதியில் 'கிருஷ்ண பிள்ளை, எச். ஏ.' எனக் கையால் திருத்துவதே வழி. அதே எழுத்துக்கூட்டலில் வரும் பிற நூல்களுக்கும் அத்திருத்தம் செல்லும். 'கிருஷ்ணபிள்ளை' எனச் சேர்த்தெழுதிய கோப்பு வந்தாலோ, காலிபர் அவரை வேறோர் ஆசிரியராகவே எண்ணும்.