கடற்கரைச் சொற்களும் சொற்பிறப்பு ஆராய்ச்சியும்

ஆங்கிலச் சொற்களிற் பெரும்பாலானவை தமிழிலிருந்தே பிறந்தவை என்னும் அபிப்பிராயம் இன்று மேடைகளிலும் பத்திரிகைகளிலும் ஸ்தாபிதமான உண்மைபோல் உலவுகிறது. 'கொல்' என்பதிலிருந்து 'கில்' வந்தது, 'கரை' (கத்து) என்பதிலிருந்து 'க்ரை' வந்தது என்று ஒலியொப்புமை ஒன்றையே பிரமாணமாகக் கொண்டு பட்டியலிடுவோர், இராமநாதபுரக் கரையில் வழங்கி, மெய்யாகவே கப்பலேறி அம்மொழிக்குள் புகுந்த சொற்களை ஏறிட்டும் பாராதிருப்பது மிகுந்த வேதனை தருவதாகும்.

இத்துறையின் தொடக்கம் யாவரும் அறிந்ததே. 1856-இல் கால்டுவெல் திராவிட ஒப்பிலக்கணத்துக்கு அடிகோலினார். அரிசிக்குரிய கிரேக்கச் சொல்லைத் தமிழோடு பிணைத்த அவர் கருத்தைப் பின்வந்தோர் பலர் ஏற்காது, அது ஈரானிய மொழிகளின் வழியே சென்றதென்றனர். இஞ்சிவேரோ பாலியில் 'சிங்கிவேர' என்றும் கிரேக்கத்தில் 'ஜிங்கிபெரிஸ்' என்றும் படிப்படியாகச் சென்ற தடத்தை ஏட்டிலேயே காட்டுகிறது. 1961-இல் பரோவும் எமனோவும் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை வெளியிட்டனர். ஐந்தாண்டு கழித்து ஆங்கிலத்தில் நூலெழுதித் தமிழே ஆரியத்துக்கும் மூலம் என்று வாதித்த பாவாணரின் உழைப்பும் சொல்வளமும் வணங்கத்தக்கவை. எனினும் அவர் வழிவந்தோர் அந்த உழைப்பை விடுத்து முடிவை மட்டும் பற்றிக்கொண்டது பெருநஷ்டம்.

நாம் மறந்துவிட்ட மனிதர் ஒருவர் உண்டு. தஞ்சாவூரில் நீதிபதியாயிருந்த ஏ. ஸி. பர்னெல், ஹென்றி யூலுடன் சேர்ந்து தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி அச்சேறுமுன்னரே 1882-இல் காலமானார். யூல் 1886-இல் அதை வெளியிட்டார். ஒரு சொல்லை இன்ன ஆண்டில் இன்ன பயணி இவ்விதம் எழுதினான் என்று காலமுறையே மேற்கோள்களை நிரல்படுத்தி, உறுதியில்லாதவிடத்து ஊகம் என்றே ஒப்புக்கொள்ளும் அவர்கள் நேர்மையே இச்சாஸ்திரத்தின் உயிர்.

கட்டுமரத்தையே நோக்குவோம். ஆங்கிலக் கடலோடி டாம்பியரின் 1697-ஆம் ஆண்டுப் பயணநூலில் சோழமண்டலக் கரையின் மிதவையாகவே தோன்றும் அச்சொல், 1804-இல் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க ஆங்கிலேயர் பூலோன் துறைமுகத்துக்கு அனுப்பிய வெடிமிதவைக்கும் பெயராயிற்று. 1876-இல் ஹெரஷாப் என்னும் அமெரிக்கர் இரட்டையுடற் படகு ஒன்றைக் கட்டியபின், இன்றைய பொருளில் வேரூன்றியது. ஆகவே இன்று உலகம் கேட்டமரன் என்றழைக்கும் கலம் பாம்பன் மீனவன் கயிற்றாற் பிணைத்த மரங்களன்று. பெயர் இங்கிருந்து போயிற்று, பொருள் அங்கே மாறிற்று என்னும் இரண்டு உண்மைகளையும் சேர்த்துச் சொல்வதே சரித்திரம்.

சங்கின் கதை இன்னும் செழுமையானது. 'சாங்க்' என்னும் ஆங்கிலச் சொல் நம் கரையில் போர்த்துக்கீசியர் வாயிற் பட்டுப் போனது. நம் 'சங்கு' சமஸ்கிருத 'சங்க'த்திலிருந்து வந்தது. 'கான்ச்' என்பதோ கிரேக்கம், லத்தீன் வழியே சென்றது. கிரேக்கச் சொல்லும் சமஸ்கிருதச் சொல்லும் உடன்பிறப்புகள். ஒரு மூலத்தின் இரு கிளைகள் வெவ்வேறு கடல்களைக் கடந்து ஆங்கிலத்தில் மீண்டும் சந்தித்த இவ்வற்புதத்தை, 'கான்ச் தமிழ்ச்சொல்லே' என்று ஒரே வரியில் முடித்துவிடுவோர் இழந்துவிடுகிறார்கள். 1914-இல் சங்கைக் குறித்துத் தனிநூல் எழுதிய ஜேம்ஸ் ஹார்னல், வங்காளத்து வளையல் தொழிலுக்குச் செல்லும் சங்கின் வகைகளைக் கடற்கரை வணிகர் வழங்கும் 'ஜாதி', 'பாட்டி' என்னும் பெயர்களோடே பதிவுசெய்தார். மீன்துறை அதிகாரியான அவரிடம் இருந்த செவி நம் புலவர்க்கு இல்லாமற் போயிற்றே!

சாயவேரும் தோணியும் இவ்வாறே ஹாப்சன்-ஜாப்சனில் இடம்பெற்றவை. பாக் நீரிணையில் மேயும் கடற்பசுவுக்கோ ஆங்கிலம் மலாய்ப் பெயரையே எடுத்துக்கொண்டது. நம் கடலில் வாழ்வதனால் மட்டும் நம் சொல் பரவிவிடுவதில்லை. ஆதலின் தமிழ்த்துறைகள் முதலில் மேற்கொள்ள வேண்டியது, 1679-இல் அச்சான புரோயென்சாவின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியையும் டச்சுக்காரரின் ஏடுகளையும் ஒருபுறம் வைத்து, மறுபுறம் கீழக்கரையிலும் தங்கச்சிமடத்திலும் தொண்டியிலும் சங்கு குளித்த, வலை வீசிய முதியோர் வாய்மொழியைக் கேட்டெழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் துறையும் ஆண்டும் குறித்து ஒப்புநோக்கும் பணியே.