சான்றிதழ் கையில், கதவு யார் கையில்?

காவிரியின் தென்கரையிலே உறையூர். காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் அணைத்துக் கிடக்கும் தீவிலே திருவரங்கம். இடையே பாலமுண்டு, பேருந்துண்டு. ஏறி உட்கார்ந்தால் கால் மணி நேரப் பயணம். ஆனால், அத்திருவரங்கத்திலேயே, கோயில் நடத்தும் பயிற்சிப் பள்ளியிலேயே படித்து, பூசைமுறை பயின்று, தேர்ச்சியும் பெற்ற ஒருவர், கருவறையின் கடைசிப் படியைக் கடக்க எத்தனை காலம் ஆகும்? 1970-இலே சட்டமன்றம் ஒரு விடை கூறிற்று. அதற்குப் பின்னர் வழக்குமன்றங்கள் கூறிய விடைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், தேர் இழுக்கும் வடம் போல நீள்கிறதே தவிர, தேர் நிலைக்கு வந்தபாடில்லை!

2023 செப்டம்பரிலே, பயிற்சி முடித்த அர்ச்சகர் மாணவர்க்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது. அவர்களிலே மூவர் பெண்கள்; மூவரும் திருவரங்கத்துப் பள்ளியிலே பயின்றவர்கள். நாளேடுகள் படம் போட்டன. நாடு மகிழ்ந்தது. அதே செப்டம்பர் முடிவதற்குள் உச்சநீதிமன்றம், ஆகமக் கோயில்களில் அர்ச்சகர் நியமனத்தைப் பொறுத்தவரை இருக்கும் நிலையே தொடரவேண்டும் என்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. சான்றிதழின் மை உலருமுன்னே தாழ்ப்பாளின் ஓசை கேட்டது! அந்த வழக்கைத் தொடுத்தவர் யார்? திருவரங்கம் கோயிலின் மிராசுக் கைங்கரியக்காரர்களின் சங்கம்.

மிராசு! அந்தச் சொல்லைச் சற்றே நிறுத்திப் பாருங்கள், தோழர்களே. மிராசு என்பது நிலத்துக்குரிய சொல். தந்தைக்குப் பின் தனயன், தனயனுக்குப் பின் பேரன் என வழிவழியாய் வரும் உடைமை உரிமையைக் குறிக்கும் சொல். கைங்கரியம் என்பதோ தொண்டு. தொண்டுக்குப் பட்டா உண்டா? பணிவிடைக்குப் பங்காளி உண்டா? பக்தியின் பெயரால் நடக்கும் வழக்கிலே, உடைமையின் சொல் உட்கார்ந்திருக்கிறது. ஆயிரம் பக்கம் எழுதி விளக்கவேண்டியதை ஒரே சொல் விளக்கிவிட்டது!

எதிர்தரப்பு கூறும் வாதங்களை உதறித் தள்ளுவது நம் வழக்கமன்று. எடுத்து, உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே பகுத்தறிவு. பார்ப்போம்.

“ஆகமம் அனுமதிக்கவில்லை” என்பது முதல் வாதம்.

1970-இலே கலைஞர் ஆட்சி, அர்ச்சகர் பதவியின் பரம்பரை உரிமையை ஒழித்துச் சட்டம் செய்தது. அதனை எதிர்த்து எழுந்ததே சேஷம்மாள் வழக்கு. 1972 மார்ச்சிலே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அர்ச்சகரை நியமிப்பது உலகியல் செயல். பரம்பரை என்பது மதத்தின் உயிர்நாடி அன்று. அதனை ஒழித்தது செல்லும் என்றது. ஆனால், பூசை செய்வோர் யார் என்பதில் ஆகம விதி காக்கப்படவேண்டும் என்றும் கூறிற்று. முன்வாயில் திறந்தது, பின்கட்டுக்குப் பூட்டு விழுந்தது. பரம்பரை போயிற்று என்று நாம் முரசறைந்தோம். ஆகமம் இருக்கிறது என்று அவர்கள் அமைதியாய்ச் சிரித்தார்கள்.

2006-இலே அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என அரசாணை பிறந்தது. அதன் வழியே திறக்கப்பட்ட ஆறு பயிற்சிப் பள்ளிகளுள் ஒன்று திருவரங்கத்தில் அமைந்தது. 200-க்கும் மேற்பட்டோர் பயின்று வெளிவந்தனர். வழக்கு வந்தது, வேலை வரவில்லை. 2015 டிசம்பரில் வந்த தீர்ப்பு, அந்தந்தக் கோயிலின் ஆகமத்தை அந்தந்த வழக்கிலே பார்த்துக் கொள்ளலாம் என்றது. 2022-இலே சென்னை உயர்நீதிமன்றம், ஆகமக் கோயில்கள் எவை, அல்லாதவை எவை என்று கண்டறிய ஒரு குழுவை அமைக்கச் சொல்லிற்று. இத்தனை ஆண்டுகள் ஆகமம், ஆகமம் என்று வாதாடினார்களே, எந்தக் கோயிலில் எந்த ஆகமம் என்பதே இனிமேல்தான் கண்டறியப்படவேண்டும் என்றால், இதுகாறும் காட்டப்பட்டது சான்றா, சாக்கா?

ஆகமம் மாறாதது என்போர் அரங்கத்தின் வரலாற்றையே புரட்டிப் பார்க்கட்டும். அங்கே முன்பு இருந்தது வைகானசம். இராமானுசர் காலத்திலேதான் பாஞ்சராத்திரம் ஏற்றம் பெற்றது என்பது வைணவ மரபே சொல்லிவரும் செய்தி. ஒரு துறவி தம் காலத்திலே ஒரு கோயிலின் பூசைமுறையையே மாற்ற முடிந்தது. ஒரு சட்டமன்றம் தன் காலத்திலே ஓர் அர்ச்சகரை மாற்ற முடியாதாம்! தேவதாசி முறைக்கும் ஆகமத்தைச் சான்று காட்டியவர்கள் உண்டு. 1947-இலே சட்டம் வந்தது, அம்முறை ஒழிந்தது, எந்தக் கோபுரமும் சாயவில்லை. 1939-இலே மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தபோது, கோயில் தீட்டுப்பட்டதென்று பட்டர்கள் சிலர் பூசைக்கு வர மறுத்தனர். இன்று அந்த மறுப்பைப் பெருமையாகப் பேசுவார் உண்டோ? மின்விசையிலே தானாக அடிக்கும் மேளமும் மணியும் கோயிலுக்கு வந்தபோது ஆகமம் வாய் திறக்கவில்லை. மனிதன் வந்தால் மட்டும் வாய் திறக்கிறது. இயந்திரத்துக்குச் சாதி இல்லை என்பதாலோ!

“எங்கள் மரபிலேயே சமத்துவம் உண்டு, திருப்பாணாழ்வாரைப் பாருங்கள்” என்பது இரண்டாவது வாதம். இதுதான் அழகான வாதம். ஆகவே கூர்ந்து ஆராயவேண்டிய வாதம்.

கதை திருச்சிக்காரர் அனைவர்க்கும் தெரியும். உறையூரிலே பாணர் குலத்திலே தோன்றியவர். அரங்கத்தில் காலடி வைக்க உரிமையற்றவராய், தென்கரையிலே நின்று பாடியவர். நீர் முகக்க வந்த லோகசாரங்கர், வழிவிடவில்லை என்று கல்லெறிந்தார். குருதி கொட்டிற்று. பின்னர் இறைவன் ஆணையிட்டான் என்றும், கல்லெறிந்தவரே பாணரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் சென்றார் என்றும், பாணர் பத்துப் பாட்டுப் பாடி அரங்கனோடு கலந்தார் என்றும் கதை முடிகிறது.

நெஞ்சை உருக்கும் கதை, மறுக்கவில்லை. ஆனால், திறனாய்வாளன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. உள்ளே சென்ற பாணர் என்ன ஆனார்? மறைந்து போனார்! அவர் வெளியே வரவில்லை. மறுநாள் காலையிலே மீண்டும் உள்ளே செல்லவில்லை. தம் குலத்தார் நால்வரைக் கைபிடித்து அழைத்துச் செல்லவில்லை. தில்லையிலே நந்தனாருக்கும் அதே முடிவுதான். அங்கே தீ, இங்கே ஒளி. ஒடுக்கப்பட்டவன் உள்ளே வரலாம், ஆனால் உயிரோடு திரும்பலாகாது என்பதா இக்கதைகளின் இலக்கணம்? ஒருவருக்கு அற்புதம், ஊராருக்கு அதே தடை. விலக்கு ஆழ்வாரானது; விதி அப்படியே நின்றது. பாணரின் பாட்டு கருவறைவரை ஒலிக்கிறது. பாணரின் மரபினர் எங்கே நின்றனர்? 1939-லும் 1947-லும் சட்டம் வந்து கைப்பிடித்து அழைத்துச் செல்லும் வரையிலே வெளியேதான் நின்றனர்! எனவேதான் சொல்கிறோம்: அற்புதம் வேண்டாம், அரசாணை போதும். தோளில் சுமக்கவேண்டாம், வழிவிட்டால் போதும்.

மூன்றாவது வாதம் நம்மைப் பார்த்துக் கேட்கப்படுவது. “கடவுள் இல்லை என்போருக்குக் கருவறையில் என்ன வேலை?”

என் வகுப்பிலே ஒரு மாணவன்கூட இதைக் கேட்டான். நல்ல கேள்வி. 1924-இலே வைக்கத்திலே பெரியார் போராடினாரே, எதற்காக? கோயிலுக்குள் சென்று கும்பிடுவதற்காகவா? கோயிலைச் சுற்றியுள்ள தெருவிலே மனிதன் மனிதனாக நடப்பதற்காக! கும்பிடாதவனுக்கும் தெருவைப் பற்றிக் கேட்கும் உரிமை உண்டு. அதே போல, பொதுக் கோயிலின் பதவி பொதுப் பதவி. அறநிலையத்துறை ஆள்கிறது, மக்கள் காணிக்கை நிரப்புகிறது. அந்தப் பதவிக்குப் பிறப்பே தகுதி என்றால், பிறப்பால் உயர்வு தாழ்வு உண்டு என்பதை நாள்தோறும் மணியடித்து அறிவிப்பதாகும். அந்த மணியோசை, நம்புகிறவன் காதிலும் விழுகிறது, நம்பாதவன் காதிலும் விழுகிறது.

ஆசிரியனின் மகன் என்பதால் எவருக்கும் ஆசிரியர் பணி கிடைப்பதில்லை. பட்டம் கேட்கிறார்கள், பயிற்சி கேட்கிறார்கள், தேர்வு வைக்கிறார்கள். “பரம்பரைப் பழக்கம் உண்டு, பாடம் நடத்த விடுங்கள்” என்று யாரேனும் கேட்டால் நகைக்கமாட்டோமா? கேரளத்திலே 2002-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, தகுதி பெற்ற பிராமணரல்லாதார் பூசாரியாகலாம் என்றது. 2017-இலே திருவாங்கூர் தேவசுவம் போர்டு கோயில்களுக்குப் பிராமணரல்லாதார் 36 பேர் தேர்வு செய்யப்பட்டனர். அவர்களில் 6 பேர் தாழ்த்தப்பட்டோர். மேல்மருவத்தூரிலே பெண்கள் கருவறைக்குள் சென்று வழிபடுகின்றனர். இங்கிலாந்துத் திருச்சபை 1994-இலே பெண்களைக் குருமார்களாக்கியது. எங்கும் வானம் இடிந்து விழவில்லை.

நம் ஊர்ப்பக்கம் என்ன நடந்தது? 2021 ஆகஸ்டிலே, பயிற்சி பெற்ற பல சாதி அர்ச்சகர் 24 பேருக்கு நியமன ஆணை வழங்கப்பட்டது. திருச்சியை அடுத்த குமாரவயலூர் முருகன் கோயிலுக்கும் இருவர் வந்தனர். 2023 மார்ச்சிலே, உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் தனி நீதிபதி அவ்விருவர் நியமனம் செல்லாது என்றார். அதே ஆண்டு ஜூனிலே, சேலம் சுகவனேசுவரர் கோயில் வழக்கில், சென்னையிலே இன்னொரு தனி நீதிபதி, பூசைமுறையில் தேர்ச்சி இருந்தால் போதும், சாதிவழி வம்சாவளிக்கு இடமில்லை என்றார். ஒரே உயர்நீதிமன்றம், ஒரே ஆண்டு, இரண்டு நீதி! இடையிலே நிற்பவன் யார்? படித்தவன், வயதை இழந்து கொண்டிருப்பவன். முதல் தொகுதியிலே பயின்றபோது இளைஞனாக இருந்தவனுக்கு இப்போது நரை கண்டிருக்கும். அவனுக்கு மன்றம் தீர்ப்புத் தருகிறது, மேடை மாலை தருகிறது. மாதச் சம்பளம்தான் தருவார் இல்லை.

இங்கே நம் தரப்பையும் ஒரு வார்த்தை கேட்கவேண்டும். பள்ளி திறந்து விழா எடுப்பதோடு கடமை முடிந்ததா? ஆகமக் கட்டுக்கு உட்படாத கோயில்கள் நாட்டிலே ஏராளம். அங்கெல்லாம் பயிற்சி பெற்றோரை அமர்த்துவதில் காட்டவேண்டிய வேகத்தைக் காட்டினோமா? ஒருகால பூசைக்கே வழியின்றித் தட்டுக் காசிலே வாழும் ஏழை அர்ச்சகரை நாம் பகைக்கவில்லை. அவர் வயிறும் வயிறுதான். நம் வழக்கு மனிதரோடு அன்று, மிராசோடு!

இன்னும் ஒன்று. 2022 டிசம்பரிலே, திருச்சிக்குப் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில், வேங்கைவயல் மக்களை மாவட்ட ஆட்சியரே இறையூர் அய்யனார் கோயிலுக்குள் அழைத்துச் செல்லவேண்டி வந்தது. 2023 ஜூனிலே விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தாழ்த்தப்பட்டோர் நுழையலாகாதென்ற தகராறிலே திரௌபதி அம்மன் கோயிலுக்கு அதிகாரிகள் முத்திரை வைத்தனர். அங்கே பாஞ்சராத்திரம் உண்டா? வைகானசம் உண்டா? பட்டர் உண்டா? இல்லை, தோழர்களே! அங்கே வழிமறித்தவர்கள் நம்மவர்கள். நம் கூட்டங்களில் கைதட்டுகிறவர்களின் மாமன் மைத்துனர்கள். ஆகமம் சமஸ்கிருதத்தில் மட்டும் எழுதப்பட்டிருக்கவில்லை. அது தூய தமிழிலும், சேரிக்கும் ஊருக்கும் இடையிலே, எழுதாமலே எழுதப்பட்டிருக்கிறது.

ஆகவே, அரங்கத்துப் பள்ளியிலே படித்த அந்த மூன்று பெண்களுக்காகக் குரல் கொடுப்போம்; உரக்கக் கொடுப்போம். நீதிமன்றத்திலே வழக்கு விரைந்து முடிய அரசை வற்புறுத்துவோம். அத்துடன், இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு உங்கள் சொந்த ஊருக்குச் செல்லும்போது, அம்மன் கோயிலில் யார் உள்ளே நிற்கிறார், யார் வெளியே நிற்கிறார் என்று பாருங்கள். வெளியே நிற்பவரைக் கண்டால், ஏன் என்று உங்கள் தந்தையாரிடம் கேளுங்கள். அவர் கோபிப்பார். கோபிக்கட்டும், கேளுங்கள்.