எஸ். ராஜமும் மும்மூர்த்திகளின் முகமும்

எஸ். ராஜம் (பிப்ரவரி 10, 1919 – ஜனவரி 29, 2010) கர்நாடக இசைப் பாடகர், ஓவியர், வானொலிக் கலைஞர். வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தரின் அண்ணன். தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்றதும் தமிழ்நாட்டில் பலருடைய மனத்திலும் எழும் முகங்கள் இவர் வரைந்தவை. சபா மேடைகளிலும் பாட்டு வகுப்பு நடக்கும் வீட்டுக் கூடங்களிலும் அந்தப் படங்களுக்கு மாலை போடுகிறார்கள், கற்பூரம் காட்டுகிறார்கள். வரைந்தவர் யார் என்று கேட்டால் மாலை போட்டவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. புத்தக அட்டையிலும் நாட்காட்டியிலும் வந்த பல மறுபதிப்புகளில் அவருடைய பெயரே இருப்பதில்லை.

ராஜத்தின் பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் படங்களைத் துணைத் தகவலாகச் சொல்வார்கள். படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பாட்டை அப்படியே சொல்வார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் செய்த காரியம் விளங்கும்.

மயிலாப்பூர் வீடு

தந்தை சுந்தரம் ஐயர் வழக்கறிஞர், இசைப் பித்தர். மயிலாப்பூரில் இருந்த அவர் வீட்டுக்கு வித்துவான்கள் வந்துபோவது வழக்கம். மார்கழி விடியலில் மாட வீதிகளில் பஜனை பாடிச் சென்ற பாபநாசம் சிவன் அந்தக் குடும்பத்துக்கு நெருக்கமானவர். பிள்ளைகளுக்குப் பாட்டும் சொல்லிக்கொடுத்தார். மற்றவர்கள் காசு கொடுத்துக் கேட்ட பாட்டை ராஜம் வீட்டுக் கூடத்திலேயே கேட்டு வளர்ந்தார்.

1934-இல் பிரபாத் நிறுவனம் தயாரித்த 'சீதா கல்யாணம்' படத்தில் ராஜம் ராமனாகவும், தங்கை ஜெயலட்சுமி சீதையாகவும் நடித்தார்கள். தந்தைக்கு ஜனகர் வேடம். சிறுவன் பாலசந்தர் ராவணன் சபையில் கஞ்சிரா வாசித்தான். பாபநாசம் சிவன் திரைக்கு இசையமைத்த முதல் படமும் இதுவே. அண்ணனும் தங்கையும் ராமன் சீதையாக நடித்தது அந்நாளில் முகச்சுளிப்புக்கு இடம் தந்தது. ராஜத்தின் வாழ்க்கையில் சினிமா ஓரமாகவே நின்றது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

பாட்டில் கற்ற உருவம்

அவருக்குக் கிடைத்த ஆசிரியர்களின் வரிசை பெரியது. அரியக்குடி ராமானுஜ ஐயங்காரிடம் கற்றார். மதுரை மணி ஐயரிடம் கற்றார். சுப்பராம தீட்சிதரின் மகனான அம்பி தீட்சிதரிடம் முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளைப் பாடம் செய்தார். டி. கே. பட்டம்மாளும் அம்பி தீட்சிதரிடம் கற்றவரே. ஓவியரான ராஜத்துக்கு இந்த ஆசிரியர்களில் அதிகம் கொடுத்தவர் அம்பி தீட்சிதர் என்று சொல்லத் தோன்றுகிறது.

காரணம் அந்தக் கிருதிகளின் இயல்பு. தீட்சிதர் கிருதி ஒரு தெய்வத்தைப் பாடினால் அதன் நிறம், கை, ஆயுதம், வாகனம், இருக்கும் தலம் எல்லாம் சாகித்தியத்துக்குள் வந்துவிடும். சிற்பிக்கு தியான சுலோகம் எதைச் செய்கிறதோ, அதைப் பாடகருக்கு இந்தக் கிருதிகள் செய்கின்றன. விளம்ப காலத்தில் ஒவ்வொரு சொல்லாக நகர்ந்து பாடும்போது, பாடுபவன் அந்த உருவத்தைத் தலை முதல் பாதம் வரை பார்த்தபடியே போகிறான். நவக்கிரகங்களை ராஜம் வரைந்தபோது கை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற தயக்கம் அவருக்கு இருந்திருக்காது. வாய்ப்பாடாகவே அது அவரிடம் இருந்தது.

மணி ஐயரிடமிருந்து பெற்றது வேறு வகை. அவருடைய சுரங்களில் அவசரமே இருக்காது. ஒழுங்கான நடையில் மணி கோத்ததுபோல வரும். ராஜத்தின் கோட்டிலும் இந்தப் பதற்றமின்மை உண்டு. ஒரு மேலாடையின் மடிப்பு தோளில் தொடங்கித் தரை வரை ஒரே ஓட்டத்தில் இறங்கும்.

அஜந்தாவின் பக்கம்

சென்னை அரசு ஓவியப் பள்ளியில் ராஜம் படித்த காலத்தில் அதன் முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவர்தான். தசை முறுக்கு, எடையின் அழுத்தம், ஒளியும் நிழலும் என்று உடலை உடலாகவே காட்டும் கலை அவருடையது. அந்தப் பள்ளியில் படித்து வெளியே வந்த ராஜம் நேர் எதிர்த் திசையில் நடந்தார். அஜந்தா, சித்தன்னவாசல், இலங்கையின் சிகிரியா ஆகிய சுவரோவியங்களே அவருக்கு வழிகாட்டின. நீண்ட, பாதி மூடிய கண்கள், மொட்டுப்போல் குவிந்த விரல்கள், எலும்பே இல்லாததுபோல் வளையும் கைகள் எல்லாம் அங்கிருந்து வந்தவை.

அவருடைய முறை நீர்வண்ணம். ஒரு நிறத்தை ஏற்றி, தாளைத் தண்ணீரில் நனைத்து, மேலே நிற்கும் வண்ணத்தைப் போக விட்டு, உலர்ந்தபின் மறுபடி ஏற்றுவது. தாளுக்குள் ஊறிய நிறம் மட்டும் மிஞ்சும். பலமுறை செய்தால் படம் முழுவதும் மெல்லிய புகை படிந்ததுபோல் ஒரு மென்மை வரும். பொறுமை இல்லாதவரால் ஆகாத வேலை. ஏழு சுரங்களுக்கும் உருவம் கொடுத்து அவர் வரைந்த படங்களில் இந்த முறை நன்றாகப் பொருந்துகிறது. சட்ஜம் மயிலின் குரல், நிஷாதம் யானையின் பிளிறல் என்று மரபு சொல்வதைக் கண்ணுக்குக் காட்ட வேண்டுமானால், காட்டப்படுவது முழுக்க உடலாகவும் இருக்கக் கூடாது. நிழலாகக் கலைந்துவிடவும் கூடாது.

குறையும் இதே இடத்தில்தான் இருக்கிறது. அவருடைய மனிதர்கள் எல்லோரும் ஒரே குடும்பம். தேவியும் தோழியும் ஒரே ஜாடை. பசி, கோபம், முதுமையின் களைப்பு ஆகியவை அந்தத் தூரிகைக்கு எளிதில் வசப்படவில்லை. அஜந்தாவில் துயரமும் இருக்கிறது. ராஜம் அங்கிருந்து அமைதியை மட்டும் அதிகமாக எடுத்துக்கொண்டார்.

மூன்று முகங்கள்

தியாகராஜர் 1847-இல் மறைந்தார். தீட்சிதர் 1835-இலும் சியாமா சாஸ்திரி 1827-இலும் மறைந்தார்கள். மூவருக்கும் நிழற்படம் கிடையாது. வாழ்க்கை வரலாறுகளில் வரும் குறிப்புகள், குடும்பங்களில் வழங்கிய செய்திகள், பாட்டுகள் மட்டுமே உண்டு. இவற்றிலிருந்து ஒரு முகத்தை உண்டாக்குவது துணிச்சலான வேலை. கடவுளரின் முகங்களுக்கு ரவி வர்மாவும், திருவள்ளுவருக்கு வேணுகோபால் சர்மாவும் செய்ததை, இசையில் ராஜம் செய்தார்.

தம்பூராவுடன் தியாகராஜர், வீணையுடன் தீட்சிதர், அருகில் சியாமா சாஸ்திரி. மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள், ஒரே காலத்தவர்கள். ஆனாலும் ஒரே சட்டகத்துக்குள் இப்படி அமர்ந்திருப்பது ஓவியரின் கற்பனை. மூவரையும் அவர் ஒரே வார்ப்பில் ஊற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மற்றப் படங்களில் ஜாடை மாறாமல் வரைந்தவர், இங்கே மூன்று தனி ஆட்களை வரைந்திருக்கிறார். மூவர் பாட்டையும் பாடி அறிந்திருந்ததால் மூவரும் அவருக்கு வேறு வேறு மனிதர்களாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வெற்றியில் ஒரு சிக்கலும் உண்டு. படம் மிக நன்றாக நிலைபெற்றுவிட்டதால் இன்று அது ஆவணமாகவே கொள்ளப்படுகிறது. பாட்டு கற்கும் குழந்தை தியாகராஜர் இப்படித்தான் இருந்தார் என்றே நினைக்கிறது. வரைந்தவரின் பெயர் அழிந்ததற்கும் இதுவே காரணம். நிஜ முகம் என்று நம்பப்படும் படத்துக்கு ஓவியர் எதற்கு?

பாடாத ராகங்கள்

வானொலியில் பல ஆண்டுகள் பணியாற்றிய ராஜம், பாடகராகச் செய்த பெரிய காரியம் கோடீஸ்வர ஐயரின் கிருதிகளைப் பரப்பியது. கவி குஞ்சர பாரதியின் பேரரான கோடீஸ்வர ஐயர் 72 மேளகர்த்தா ராகங்களிலும் தமிழில் கிருதி செய்தவர். 'கந்த கானாமுதம்' என்பது அத்தொகுப்பின் பெயர். அந்த 72-இல் 40 விவாதி மேளங்கள். சுத்த ரிஷபத்தோடு சுத்த காந்தாரம் என்பதுபோல, நெருங்கி நின்று ஒன்றோடொன்று முட்டும் சுரங்களைக் கொண்டவை. விவாதி ராகம் பாடினால் தோஷம் என்ற பயம் வித்துவான்களிடமே இருந்தது. வராளியைக் குரு நேராகச் சொல்லித் தரக்கூடாது என்ற வழக்கம் இன்றும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ராஜம் இவற்றை விரும்பிப் பாடினார், பாடிக் காட்டி விளக்கினார், மாணவர்களுக்கும் கொடுத்தார். அவரும் 90 வயது வரை வாழ்ந்தார்!

கச்சேரி மேடையில் அவர் முதல் வரிசைக்கு வரவில்லை. கூட்டத்தை எழுப்பி உட்கார வைக்கும் குரல் அல்ல அவருடையது. தம்பி பாலசந்தர் மேடையிலும் வாதத்திலும் இடி முழக்கமாக இருந்தார். அண்ணன் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். சங்கீத நாடக அகாதமி விருது அவரைத் தேடி வந்தபோதும் பொதுமக்களுக்கு அவர் அறிமுகமான பெயராக ஆகவில்லை.

அவருடைய மும்மூர்த்திகளை இப்போது பெரும்பாலோர் பார்ப்பது விழாவுக்குக் கட்டும் பிளக்ஸ் பதாகையில்தான். கணினியில் நிறத்தைக் கூட்டி, பின்புலத்தை வெட்டி, முகத்தில் பளபளப்பு ஏற்றிவிடுகிறார்கள். தண்ணீரில் நனைத்து நனைத்து அவர் வரவழைத்த அந்தப் புகைபோன்ற மென்மை முதலில் போய்விடுகிறது. அதைக் காண அவருடைய மூல ஓவியங்களையோ, நல்ல தாளில் கவனமாக அச்சிட்ட பிரதிகளையோதான் தேடிப் போக வேண்டும்.